கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மலை ஏற எங்கே போகலாம்? ஆகஸ்ட் விடுமுறை நடைப்பயணம்

முத்தையன்கட்டு வாசி:

வணக்கம். எங்கள் வன்னிப் பக்கம் சிறுபோக அறுவடை ஆகஸ்ட் முதல் வாரத்துடன் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கும் இரண்டாம் தவணை விடுமுறை என்பதால், அதன்பின் நான்கு நாட்களை மலைநாட்டில் கழிப்பதென்று வீட்டில் முடிவாகியுள்ளது. வாகனத்திலிருந்து இறங்கிப் படம் எடுத்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும் சுற்றுலாவில் எங்களுக்கு விருப்பமில்லை. காலையில் தொடங்கி நண்பகல் வரையாவது நடக்க வேண்டும் என்பதே பிள்ளைகளின் ஆசை.

என் குடும்பமும் தம்பியின் குடும்பமும் சேர்ந்து செல்கிறோம். மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்தவன். மகள் எட்டாம் வகுப்பு. அறுபது வயதைக் கடந்த மாமியும் வருகிறார். அவருக்குச் சிவனொளிபாதமலையில் ஏறிக் கும்பிட வேண்டும் என்பது நெடுநாளைய எண்ணம். இங்கே வெயில் கொளுத்தும் இந்த மாதத்தில் அங்கே வானிலை எப்படி இருக்கும், வழிகாட்டி இல்லாமல் குடும்பமாக நடக்கக்கூடிய இடங்கள் எவை, மாமியின் விருப்பத்தை இப்பயணத்திலேயே நிறைவேற்ற முடியுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

கண்டி வீதி:

அண்ணா, வவுனியாவிலிருந்து வான் ஓட்டிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாமியின் விருப்பத்தைத் தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிவனொளிபாதமலையின் யாத்திரைக் காலம் டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியுடன் நிறைவடைகிறது. ஆகஸ்டில் வழிநெடுக எரியும் விளக்குகள் இருக்கமாட்டா. நல்லதண்ணியிலிருந்து மேலே போகும் பாதையின் கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் மழைநீர் வழிந்துகொண்டிருக்க, 2,243 மீற்றர் உயரத்தில் மூடுபனிக்குள் நின்றால் பக்கத்தில் நிற்பவரின் முகம்கூடச் சரியாகத் தெரியாது. இளைஞர்கள் சிலர் அப்படியும் போய்வருகிறார்கள். முழங்கால் வலி உள்ள ஒருவரை அங்கே கூட்டிப்போவது சரியன்று.

இதற்குக் காரணம் நம் வயல்களை இப்போது வெடிக்க வைத்துக்கொண்டிருக்கும் அதே காற்றுத்தான். மே மாத இறுதியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று, கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுகிறது. மேலெழும்போது குளிர்ந்து, சுமந்துவந்த ஈரத்தை மழையாக அங்கேயே இறக்கிவிடுகிறது. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வது அதனால்தான். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் எஞ்சுவதில்லை என்பதோடு, இறங்க இறங்க அது வெப்பமும் அடைகிறது. ஆகவே பண்டாரவளை, வெலிமடை, பதுளை ஆகிய இடங்கள் இம்மாதங்களில் உலர்ந்திருக்கின்றன. நம் வன்னியிலோ காற்றை மேலே தள்ளிவிட மலையே இல்லை. அது நம் தலைக்கு மேலாகக் கடந்துபோகிறது, நாம் புழுதியைத் தின்கிறோம்.

ஆகவே மலைநாடு என்று பொதுவாக நினைக்காமல், மலையின் எந்தப் பக்கம் என்று முதலில் தீர்மானியுங்கள். ஆகஸ்ட் என்றால் கிழக்குப் பக்கம்: அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல. மாசி மாதம் என்றால் அட்டன், மஸ்கெலியா. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றுக் காலத்தில் எல்லாம் தலைகீழாகி, பதுளை, பண்டாரவளை அடங்கிய ஊவாவும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவும் நனைய, மேற்குச் சரிவு வெளித்துவிடும். யாத்திரைக் காலத்தை அந்த மாதங்களில் வைத்த முன்னோர்கள் வானிலை அறியாதவர்கள் அல்லர்.

நானாட்டான்:

மேலே எழுதிய தம்பியின் விளக்கத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அவர் ஹோட்டன் சமவெளியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டது சரியில்லை. சொந்தக் காலில் நடக்கத்தக்க தேசியப் பூங்கா வேண்டும் என்றால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது அதுதான். வில்பத்துவிலும் யாலவிலும் ஜீப்பை விட்டு இறங்கினாலே குற்றம். ஹோட்டனில் நுழைவுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு குறித்த பாதையில் நாமே நடக்கலாம்.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் அமைந்த புல்வெளியும் குள்ளமான முகிற்காடும் கலந்த நிலம் அது. 1988 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது; 2010 இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸோடும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. செங்குத்துப் பாறை விளிம்புகளான உலக முடிவு, சிறிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி ஆகியவற்றைத் தொட்டுக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே திரும்பும் சுற்றுப்பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். பெரிய ஏற்றம் இல்லை. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் தலைநீர் அங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே நடக்கலாம்.

நான் ஆகஸ்டிலும் போயிருக்கிறேன். காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போது உள்ளே நுழைந்தவர்களுக்கு உலக முடிவின் விளிம்பிலிருந்து கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. ஏறக்குறைய 870 மீற்றர் ஆழம் என்கிறார்கள்; அதைப் பார்த்தபின் எண் தேவைப்படாது. ஒன்பது மணிக்குப் பின் வந்தவர்கள் வெள்ளைத்துணி கட்டிய சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

கண்டி வீதி:

நானாட்டான் அண்ணா சொல்வது ஹோட்டனைப் பொறுத்தவரை சரி. அது மேற்கும் கிழக்கும் சந்திக்கும் முகட்டில் இருப்பதால், இம்மாதங்களில் எந்தப் பக்கத்து வானிலை கிடைக்கும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையில் புகையிரதப் பாதையின் உச்சியில் ஒரு சுரங்கம் இருக்கிறது. இப்பக்கம் மழையில் நுழைந்த வண்டி அப்பக்கம் வெயிலில் வெளியே வருவதை மலைநாட்டுப் பயணிகள் பலர் கண்டிருப்பர். நான் முந்தைய பதிவில் எழுதியதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நுவரெலியாவில் தங்கிப் பட்டிப்பொல வழியாகப் போவதைக் காட்டிலும், அப்புத்தளையில் தங்கி பொரலந்த, ஒஹிய வழியாகப் பூங்காவுக்கு ஏறுவதையே இம்மாதத்தில் நான் விரும்புவேன். உச்சியில் மழை என்றால் கீழிறங்கி வேறிடம் நடக்கலாம். அன்றைய நாள் வீணாகாது.

பாலைமரத்தடி:

இந்த இழையைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. நம் மாவட்டங்களிலேயே காட்டுக்குக் குறைவில்லையே, நடப்பதற்காக ஏன் நாள் முழுவதும் பயணம் செய்து மலைக்குப் போகிறோம்?

2015 இல் வடக்கில் நான்கு தேசியப் பூங்காக்கள் அறிவிக்கப்பட்டன: மடு வீதி, சுண்டிக்குளம், ஆதாம் பாலம், நெடுந்தீவு. அவற்றுள் முதல் மூன்றும் நமக்கு எட்டிய தூரத்தில் இருப்பவை. அறிவிப்பு வந்ததே தவிர, மக்கள் நடப்பதற்கென்று அடையாளமிட்ட பாதை எதையும் நான் அங்கே காணவில்லை. மடுப் பக்கத்துக் காட்டில் பாலையும் முதிரையும் வீரையும் கருங்காலியும் நிற்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் பாலைப்பழம் பழுக்கும்போது கரடிகள் மரத்தடிக்கு வருவதை வில்பத்துவுக்குப் போகிறவர்கள் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். நாங்கள் சிறுவயதில் அதே பழத்தைப் பொறுக்கப் போய், கரடியின் தடத்தைக் கண்டு திரும்பி ஓடியவர்கள்.

இருந்தாலும் முன்பின் அறியாத காட்டுக்குள் பிள்ளைகளோடு இறங்கும்படி யாருக்கும் சொல்லமாட்டேன். மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை முற்றாக முடியவில்லை. மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பான இடம் என்று கொள்ளவும் முடியாது. வறட்சியில் குளத்தை நாடி வரும் யானைக்கூட்டம் வேறு. எனவே நடை பழக விரும்புகிறவர்களுக்கு இப்போதைக்கு நம்மிடம் இருப்பது குளக்கட்டுகள்தாம். முத்தையன்கட்டு வாசிக்கு அது வாசலிலேயே இருக்கிறது. பயணத்துக்கு முந்தைய வாரங்களில் மாலையில் கட்டின் மேலே நடப்பதோடு நிறுத்திவிடாமல், அதன் சரிவில் ஏறியும் இறங்கியும் பழகுங்கள். சமதரையிலேயே வளர்ந்த நம் கால்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் வலியைக் கொடுக்கும்.

பிரட்டுக்களம்:

நான் கிளிநொச்சியில் பிறந்தவள். என் தாத்தா, பாட்டி பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்கு வந்தவர்கள். வன்னியில் இன்று வாழும் மலையகக் குடும்பங்கள் பலவற்றின் கதையும் இதுதான். 1958 இலும் 1983 இலும் வந்தவர்களும் உண்டு. ஆகவே மலைநாட்டு நடைப்பயணம் என்று நீங்கள் பேசும்போது, சில விடயங்களைச் சொல்லிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, அந்த மலைகளுக்கு வன்னி வழியாக நடந்தே போனவர்கள் எங்கள் ஆட்கள். கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, இந்தக் காடுகளைக் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் இறந்தவர்கள் ஏராளம். அந்த வருகையின் இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி ஆகஸ்டில் மாத்தளையைச் சென்றடைந்தது. அதுவும் இதே கச்சான் காலம்தான். மடுச் சந்தியிலிருந்து மதவாச்சி வரைக்கும் நிழலற்ற தார்வீதியில் நடந்தவர்களுக்குத்தான் அந்தப் பழைய நடை எப்படி இருந்திருக்கும் என்பது கொஞ்சமாவது விளங்கியிருக்கும்.

இரண்டாவது, நீங்கள் நடக்கப்போகும் பாதைகளுள் பெரும்பாலானவை கொழுந்து எடுக்கப் போகும் பாதைகள். அண்மைய ஆண்டுகளில் பீக்கோ நடைபாதை என்ற பெயரில், கண்டிக்கருகே உள்ள அந்தானையிலிருந்து அட்டன், அப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியா வரை, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை 22 கட்டங்களாக இணைத்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் அதில் நடப்பவர் ஒருவரின் வேலைத்தளத்தின் ஊடாகவும், இன்னொருவரின் லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) வாசலைத் தொட்டும் போகிறார் என்பதை மறக்கக்கூடாது. கூடையோடு நிற்கும் பெண்ணிடம் கேளாமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள். நின்று பேசும் நேரமும் அவர்களுடைய கூலியில்தான் கழியும். தமிழ் பேசும் நமக்கு ஒரு வசதி உண்டு: வழி கேட்டால் ஐந்து நிமிடத்தில் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்பதுவரை பேச்சு வந்துவிடும். பணிநேரம் முடிந்தபின் பேசுங்கள், தேநீரும் கிடைக்கும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லக்கூடிய இடம் அப்புத்தளைக்கு மேலுள்ள லிப்டன் இருக்கை. தோமஸ் லிப்டன் 1890 இல் கட்டிய தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மேலே ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர். தோட்ட வீதி என்பதால் வழி தவறாது. மாமிக்குக் களைத்தால் முச்சக்கரவண்டியில் உச்சிக்கு அனுப்பிவிட்டு நீங்கள் நடந்துபோய்ச் சேரலாம். விடியப்புறம் தொடங்குங்கள், ஒன்பது பத்து மணிக்கெல்லாம் முகில் ஏறிவிடும். ஊவாவின் சிறந்த தேயிலை விளைவதும் இந்த உலர்காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தில்தான். காற்றினால் கொழுந்து மெதுவாக வளர்கிறது, வாசனை கூடுகிறது. உங்கள் நெல்லைக் காயவைக்கும் காற்று அங்கே வேறொரு வேலை செய்கிறது.

வற்றாப்பளை அடியாள்:

பிள்ளைகள் எல்லோரும் மலை, மலை என்கிறீர்கள். வன்னியிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் கோடை வெயிலில் இரண்டு தேசியப் பூங்காக்களைக் கால்நடையாகக் கடக்கும் கூட்டம் ஒன்று இருப்பதை ஒருவரும் எழுதவில்லையே.

கதிர்காமப் பாதயாத்திரையைத்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் புறப்படுபவர்கள் முல்லைத்தீவுக் கரையோரமாக வந்து, வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாக உகந்தைமலை முருகனிடம் சேர்வார்கள். ஆடிவேல் கொடியேற்றத்தையொட்டி, குமண வழியான காட்டுப்பாதை சில நாட்களுக்கு யாத்திரிகர்களுக்காகத் திறக்கப்படும். அங்கிருந்து குமுக்கனாற்றைக் கடந்தால் யால. நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கித் தங்கிக் கதிர்காமம் போய்ச்சேரச் சில நாட்கள் ஆகும். ஜீப்பைவிட்டு இறங்கவும் கூடாத காட்டில், அந்த நாட்களில் மட்டும் அரோகரா சொல்லிக்கொண்டு கூட்டமாக நடக்க அனுமதி. யானைக்கும் சிறுத்தைக்கும் உரிய இடம் என்ற பயம் இல்லாமல் இல்லை. ஆனால் தனியே ஒருவரும் பிரிந்து போவதில்லை, இருட்டுமுன் எல்லோரும் தங்குமிடம் சேர்ந்துவிடுவார்கள்.

வெயிலில் நடப்பதைப் பற்றி அந்த வழியில் கற்றதைச் சொல்கிறேன், மலைக்கும் உதவும். விடிய நான்கு, ஐந்து மணிக்கு நடை தொடங்கி, பத்து மணிக்கெல்லாம் மர நிழலில் ஒதுங்கிவிட வேண்டும். மறுபடி மூன்றரைக்குப் பின்தான். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் கணக்கில் குடித்து உடம்பின் உப்பு குறைந்து மயங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். தேசிக்காயும் உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர் போதும், இல்லாவிட்டால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புச்சீனிப் பொட்டலம் கொண்டுபோங்கள். வேர்வை நின்று உடம்பு கொதித்து ஒருவர் தடுமாறிப் பேசத் தொடங்கினால் அது வெறும் களைப்பன்று. நிழலில் கிடத்தி உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 1990 அம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும்.

புதுச் சப்பாத்தை அன்றைக்கே போடாதீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. எத்தனை தரம் சொன்னாலும் யாரோ ஒருவர் போட்டுக்கொண்டுதான் வருகிறார்.

தூரத்து வன்னி:

ஆச்சியின் பதிவுக்கு நன்றி. நான் துணுக்காய்ப் பக்கத்தவன். இப்போது சுவிற்சர்லாந்தில் இருக்கிறேன். இங்கே கோடை என்றால் ஊரே மலைக்கு நடக்கப் போகிறது. அடையாளமிட்ட நடைபாதைகள் மட்டும் 65,000 கிலோமீற்றருக்கு மேல். மஞ்சள் பலகை என்றால் யாரும் நடக்கலாம். வெள்ளை–சிவப்பு–வெள்ளைக் கோடு என்றால் மலைப்பாதை, தலைச்சுற்று உள்ளவர் போகக்கூடாது. வெள்ளை–நீலம்–வெள்ளை என்றால் கயிறும் பயிற்சியும் தேவைப்படலாம். பலகைகளில் தூரத்தை எழுதாமல் நேரத்தை எழுதியிருப்பார்கள், அதுவும் ஓய்வு நேரத்தைச் சேர்க்காமல். ஏற்றத்தில் மூன்று கிலோமீற்றர் என்பது சமதரையின் மூன்று கிலோமீற்றர் அன்று என்பதால் அது பொருத்தமான முறை.

1914 இல் தொடங்கிய இங்குள்ள தேசியப் பூங்காவில் பாதையை விட்டு ஓரடி விலகினாலும் தண்டம் கட்ட நேரிடலாம். பூப் பறிக்க முடியாது, தீ மூட்ட முடியாது, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டும் போக முடியாது. முதலில் எனக்கு இது மிகையாகப் பட்டது. ஆண்டுக்கணக்காக மனிதர் மிதிக்காத சரிவில் மலையாடுகள் பயமின்றி மேய்வதைப் பார்த்தபின் அப்படித் தோன்றவில்லை.

உங்களுக்கு ஒரே ஒரு விதியை மட்டும் பரிந்துரைக்கிறேன்: திரும்பும் நேரத்தைப் புறப்படுமுன்னே முடிவு செய்யுங்கள். பதினொரு மணிக்குத் திரும்புவதென்றால், உச்சிக்கு இன்னும் இருநூறு மீற்றர்தான் என்றாலும் பதினொரு மணிக்குத் திரும்ப வேண்டும். இந்நாட்டு மலைகளில் கோடைகாலத்துப் பிற்பகலில் இடி முழங்கும். உங்கள் மலைகளில் முகில் இறங்கும். இரண்டிலும் காலைதான் மனிதனுடைய நேரம்.

நானாட்டான்:

தம்பி, சுவிஸ் ஒழுங்கை இங்கே எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமே மிஞ்சும். எல்லவில் பாறை உச்சிக்குப் போகும் வழியை ஒரு பலகையும் சரியாகக் காட்டுவதில்லை. பாதி வழியைத் தண்டவாளத்தின் மேலேயே நடக்கிறார்கள், அது சட்டப்படி குற்றம் என்பதை அறியாமல். ஹோட்டனில் மரைகளுக்கு ரொட்டி ஊட்டிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் உங்கள் இரத்தம் கொதிக்கும். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அங்கே வாயிலில் பைகளைத் திறந்து பொலித்தீன் உறைகளை எடுத்துவிடுகிறார்கள். அதனால் பாதை ஓரளவு துப்புரவாக இருக்கிறது. சோற்றை வாழையிலையிலோ டப்பாவிலோ கொண்டுபோங்கள்.

முத்தையன்கட்டு வாசி:

இத்தனை விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மாமியிடம் பேசினேன். யாத்திரைக் காலத்தில் போவோம் என்றதும், "தைப்பூசத்தை ஒட்டி என்றால் சரி" என்று உடனே நாளும் குறித்துவிட்டார்.

இப்போதைய திட்டம் இதுதான். முதல் நாள் விடியற்காலையில் புறப்பட்டு கண்டி வீதியாலே மாத்தளை வரை சென்று, அங்கிருந்து ரத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலையிலுள்ள ரிவர்ஸ்டனுக்கு ஏறி, பிட்டவல பத்தனைப் புல்வெளியில் ஒரு சிறு நடை. அன்றிரவு கண்டி. இரண்டாம் நாள் நுவரெலியா, வெலிமடை வழியாக அப்புத்தளை. மூன்றாம் நாள் லிப்டன் இருக்கை. நான்காம் நாள் விடியுமுன் ஹோட்டன் சமவெளி, அதன்பின் ஊர் திரும்பல். இதில் எங்கேயாவது பிழை இருக்கிறதா? குளிருக்கு எவ்வளவு ஆயத்தம் வேண்டும்? அட்டையைப் பற்றியும் மனைவி கேட்கிறார்.

கண்டி வீதி:

பிழை ஒன்று இருக்கிறது, அண்ணா. ஹோட்டனில் ஒன்பது கிலோமீற்றர் நடந்து களைத்த பின் அதே நாளில் முத்தையன்கட்டுவரை வாகனம் ஓட்டச் சொல்வது ஓட்டுநருக்குச் செய்யும் கொடுமை. மூன்றாம் நாளையும் நான்காம் நாளையும் மாற்றுங்கள்: மூன்றாம் நாள் ஹோட்டன், நான்காம் நாள் விடியப்புறம் லிப்டன் இருக்கை, பத்து மணிக்கு முன் புறப்பாடு, இரவு கண்டியிலோ மாத்தளையிலோ தங்கி மறுநாள் ஊர். ஒரு நாள் கூடுகிறது; வேறு வழியில்லை. மூன்றாம் நாள் மழை பிடித்தால் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளும் வசதியும் இதில் கிடைக்கிறது.

ரிவர்ஸ்டனில் ஆகஸ்ட் மாதக் காற்று மிகக் கடுமையாக இருக்கும். சிறுபிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், விளிம்புக்குப் போகவேண்டாம். குளிரைப் பொறுத்தவரை, ஆயிரம் மீற்றர் ஏற ஏற ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். வவுனியாவில் 34 பாகை இருக்கும் நண்பகலில் ஹோட்டனில் இருபதுக்கு அண்மையில்தான் இருக்கும். விடியற்காலையில் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், காற்று வீசினால் அதற்கும் குறைவாகவே உணர்வீர்கள். ஆளுக்கு ஒரு சுவெட்டரும் மழையங்கியும் போதும். தடித்த கம்பளியைச் சுமக்கத் தேவையில்லை, நடக்கத் தொடங்கியதும் கழற்றிவிடுவீர்கள். பாட்டாச் செருப்போடு யாரையும் வானில் ஏற்றமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பிரட்டுக்களம்:

அட்டைக்கு: நீள் காலுறையைக் காற்சட்டைக்கு மேலாக இழுத்துவிட்டு, சவர்க்காரத்தை ஈரமாக்கி வெளிப்புறத்தில் பூசிவிடுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து எடுக்க வேண்டாம். நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தள்ளினால் விழுந்துவிடும். மாமி வெற்றிலை போடுபவர் என்றால் அவருடைய சுண்ணாம்புச் சரையும் போதும். ஊவாப் பக்கம் இப்போது உலர்ந்திருப்பதால் அட்டை குறைவு. நக்கிள்ஸ் காட்டுப் பகுதியிலும் மழைக்குப் பின்னும்தான் தொல்லை.

அதே உலர்வினால் வேறொரு ஆபத்து இருக்கிறது. ஆகஸ்ட், செப்டெம்பரில் அப்புத்தளை, எல்ல, பண்டாரவளைப் பக்கத்துப் புற்சரிவுகள் அடிக்கடி தீப்பற்றுகின்றன. கச்சான் அடிக்கும்போது தீ மலையேறும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. தேநீர் காய்ச்சவோ குப்பையை எரிக்கவோ நெருப்பு மூட்டாதீர்கள். புகைபிடிப்பவர் உங்கள் குழுவில் இருந்தால் நடைப்பாதையில் அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். சரிவில் எங்காவது புகை எழுவதைக் கண்டால் காற்றுக்கு எதிர்த்திசையிலோ பக்கவாட்டிலோ விலகி, வீதியை நோக்கி இறங்குங்கள். மேல்நோக்கி ஓடக்கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற எண்ணைக் கைப்பேசியில் பதிந்துவையுங்கள்.

பாலைமரத்தடி:

வானுக்குச் செலவு கூடுதலாக இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா நிலையங்களிலிருந்து கொழும்புக்குப் போகும் புகையிரதத்தில் பொல்காவலையில் இறங்கினால், அங்கிருந்து பதுளைக்குப் போகும் மலைநாட்டு வண்டியைப் பிடிக்கலாம். அப்புத்தளையும் எல்லவும் அந்தப் பாதையிலேயே உள்ளன. விடுமுறைக் காலத்தில் ஆசனங்கள் முன்பே நிரம்பிவிடும் என்பதால் பதிவு செய்துகொள்ளுங்கள். மண்சரிவு ஏற்பட்டால் மலைநாட்டுச் சேவையை இடைநிறுத்துவார்கள். புறப்படுவதற்கு முதல் நாள் நிலையத்தில் விசாரிப்பது நல்லது.

முத்தையன்கட்டு வாசி:

ஒரு நாளைக் கூட்டிவிட்டோம். வான்தான், மாமிக்கு வண்டி மாறி ஏறுவது கடினம். அப்புத்தளையில் மூன்று அறைகள் பேசியாயிற்று. மகன் நேற்று மாலையிலிருந்து குளக்கட்டுச் சரிவில் ஏறி இறங்கத் தொடங்கிவிட்டான். மகளுக்குச் சப்பாத்து வாங்கி, வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்கச் சொல்லியிருக்கிறோம்.

கண்டி வீதி:

நல்லது, அண்ணா. விடிய மூன்றரைக்குப் புறப்பட்டால் ரிவர்ஸ்டனில் முகில் ஏறுமுன் போய்விடலாம். காலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வாருங்கள். தம்புள்ளையில் கடை தேடி நிற்க நேரம் இருக்காது.